ஐஸ் பெட்டியில் போட்டும் ஒரு மணி நேரம் மூச்சு விடுகிற ஜிலேபி மீன், என்ன செய்யலாம்?

சோழவரம் தொட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 10.50

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழவரம் பக்கம் நான்கு தார்ப்பாய்த் தொட்டியும் பதினைந்து சென்ட்டில் ஒரு மண் குட்டையும் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் அம்பத்தூரில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன். 2020 லாக்டவுனில் பட்டறை மூடியது, திரும்பத் திறக்கவே இல்லை. மறு வருடம் பிரதம மந்திரி மத்சய சம்பதா திட்டத்தில் மானியம் வாங்கி இதில் இறங்கினேன். தொட்டியில் ஜிலேபி (திலாப்பியா), குட்டையில் விரால். ஞாயிறு காலையில் காவாங்கரை பக்கம் ரோட்டோரமாக உயிர் மீன் கடை போடுகிறேன். இரண்டு நீல டிரம்மைப் பாதியாக அறுத்துத் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி விடுகிற ஏர் ஸ்டோன் போட்டால் கடை ரெடி. 2018ல் மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் கலக்கிறார்கள் என்ற பயம் வந்தது முதல் கண்ணெதிரே துள்ளுகிற மீனுக்குத்தான் மவுசு. ஆந்திராவிலிருந்து கட்லா, ரோகு ஏற்றிய லாரி தினமும் இதே ஜி.என்.டி. ரோட்டில்தான் வருகிறது. அதோடு விலையில் போட்டி போட என்னால் முடியாது. என் கையில் இருப்பது உயிர் ஒன்றுதான், அதைத்தான் விற்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஒரு பெரியவர் ஒன்றரை கிலோ ஜிலேபி வாங்கினார். சுத்தம் செய்ய வேண்டாம், வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்றார். வழக்கம்போல ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டேன். அசைவு நின்றது. கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்து அதே ஸ்கூட்டியில் திரும்பி வந்தார். திட்டவில்லை. கவரை என் பலகை மேல் வைத்து, "பிரிச்சுப் பாருப்பா" என்றார். ஆறு மீனில் இரண்டு வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. செவுள் மெதுவாகத் தூக்கித் தூக்கி இறங்கியது. "வீட்டுல கத்தி வைக்கப் போனாங்க, கையிலயே துள்ளுச்சு. நீயே முடிச்சுக் குடு, எங்களால ஆகாது" என்றார்.

நான் முடித்துக் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க மனசு ஒரு நிலையில் இல்லை. பத்து நிமிடம் ஐஸ், முக்கால் மணி நேரம் கவர், அப்புறம் பலகை. ஆக ஒரு மணி நேரம் அந்த மீன் எங்கே இருந்தது? நான் சாமியார் இல்லை. மீன் தின்கிறவன், மீன் விற்கிறவன். ஆனால் இப்படி வேண்டாம் என்று தோன்றுகிறது.

இரண்டு கேள்வி.

ஒன்று, ஐஸை விட்டால் வேறு என்ன வழி? ஞாயிறு காலை ஏழிலிருந்து பத்து வரை கூட்டம். கூட ஒரு பையன் மட்டும்தான்.

இரண்டாவது, விடியற்காலை நாலரை ஐந்துக்குத் தொட்டிக்குப் போனால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. எட்டு மணிக்குச் சரியாகிவிடுகிறது. தொட்டி போட்டுக்கொடுத்த ஆள் "ஜிலேபி தாங்கும் சார், ஒண்ணும் ஆகாது" என்றார். உண்மைதான், சாவதில்லை. மிக்ஜாம் புயலில் இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் ஒரு தொட்டி முழுக்கப் போனதைத் தவிர பெரிய சாவு பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வாய்களைத் தினமும் பார்க்கப் பிடிக்கவில்லை. பத்தாயிரம் லிட்டர் தொட்டிக்கு 1,200 குஞ்சு விட்டிருக்கிறேன், அவர் சொன்ன கணக்குத்தான். இப்போது ஒன்று இருநூறு கிராம் சுமார்.

ராயபுரம் எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, இரவு 11.20

அண்ணா, மீனுக்கு வலியெல்லாம் தெரியாது. காசிமேட்டில் வந்து இறங்குகிற அத்தனையும் வலையிலும் தட்டிலும் மூச்சு முட்டிச் செத்ததுதான். அதற்கு யாரும் அழவில்லை. நீங்கள் இரண்டு ஜிலேபிக்குத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். வியாபாரத்தைப் பாருங்கள்.

கொளத்தூர் கலர்மீன் | திங்கள், காலை 6.05

தம்பி, நான் கொளத்தூரில் இருபத்திரண்டு வருடமாகக் கலர் மீன் குஞ்சு பொரிக்கிறவன். தின்கிற மீன் என் தொழில் இல்லை. ஆனால் தண்ணீர் எல்லா மீனுக்கும் ஒன்றுதான். அதனால் உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன்.

மீன் சாகிற ஒரு மணி நேரத்துக்குக் கவலைப்படுகிறீர்கள், நல்ல மனசு. அது வளர்கிற ஆறு மாதத்தில் தினமும் விடியலில் மூன்று மணி நேரம் மூச்சுத் திணறுகிறதே, அந்தக் கணக்கைப் போட்டீர்களா? ஐந்நூற்றுச் சொச்சம் மணி நேரம் வருகிறது. தாங்கும் என்ற ஒரே காரணத்துக்காக ஜிலேபியை வதைக்கிறோம். கட்லா இப்படி நின்றால் ஒரே வாரத்தில் செத்து மிதந்து உங்களுக்குப் புத்தி சொல்லியிருக்கும். ஜிலேபி சொல்லாது.

காரணம் எளிது. நம் ஊர் வெயிலில் முப்பது டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் பிடித்து வைக்கும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதே பாசி நம் மீனோடு போட்டி போட்டு மூச்சு வாங்கும். உங்கள் தொட்டியில் இருக்கும் ஃப்ளாக்கும் (தண்ணீரில் திரளாக மிதக்கிற நுண்ணுயிர்க் கூட்டம்) அப்படித்தான், அதற்கு இரவு பகலே கிடையாது. சூரியன் வருவதற்குச் சற்று முன்னால்தான் அளவு அடிமட்டத்தில் இருக்கும். ஐந்துக்கு மேல் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும். மூன்றுக்குக் கீழே போனால் நீங்கள் பார்க்கிற அந்த வாய்தான்.

சாயந்தரத் தீவனம் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள்? ஆறு, ஏழு என்றால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். மீன் தின்ற பிறகு செரிக்கிற சில மணி நேரம் அதற்கு ஆக்சிஜன் அதிகம் தேவை. நீங்கள் ராத்திரிச் சாப்பாடு போட்டு, அதை அது இருட்டில் மூச்சு முட்டச் செரிக்கிறது. கடைசித் தீவனம் மூன்றரை, நாலுக்குள் முடியட்டும். காலையில் வெயில் ஏறி எட்டரைக்கு மேல் போடுங்கள். மேகமூட்டமான நாளில் பாதி போதும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தப்பில்லை. மீன் நம்மைப் போல மூன்று வேளை கேட்கிற ஜீவன் இல்லை.

அடுத்தது மீன் கழிவில் வருகிற அமோனியா. இது பகல் திருடன். பாசி அதிகமான தண்ணீரில் மதியம் பிஹெச், அதாவது காரத்தன்மை, ஏறும். ஏழில் இருக்கும்போது அமோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட விஷமாக இருக்காது. அதே தண்ணீர் முப்பது டிகிரியில் எட்டுக்குப் போனால் ஏழு பங்கு, ஒன்பதுக்குப் போனால் நாற்பதுக்கு மேல். சொட்டு மருந்து டெஸ்ட் கிட் பாரிமுனையிலும் கிடைக்கும், எங்கள் கொளத்தூர் கடைகளிலும் கிடைக்கும். மதியம் மூன்று மணிக்கு அமோனியாவும் பிஹெச்சும், விடியற்காலை நாலரைக்கு ஆக்சிஜன். இந்த இரண்டு நேரம்தான் உங்களுக்கு உண்மை தெரியும். பத்து மணிக்கு அளந்து "எல்லாம் நார்மல்" என்று எழுதி வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

1,200 அதிகம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 700ஐத் தாண்ட மாட்டேன். அதற்காக 150, 200 என்று இறக்கிவிடாதீர்கள். ஜிலேபியில் ஆண் இடம் பிடிக்கிற சாதி, கூட்டம் ரொம்பக் குறைந்தால் பெரியது சின்னதை விரட்டி விரட்டிக் கடிக்கும். வால் ஓரம் கந்தலாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விரால் வேறு கதை. அது காற்றை நேராகக் குடிக்கிற மீன், மேலே வந்துதான் ஆகவேண்டும். விரால் மேலே வருவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மேலே வர முடியாமல் ஆகாயத்தாமரை மூடினால் பயப்படுங்கள். ஒரே அளவாகப் பிரித்து விடுங்கள், இல்லாவிட்டால் பெரியது சின்னதைத் தின்றுவிடும்.

புயலில் ஒரு தொட்டி போனது என்றீர்களே, இன்வெர்ட்டர் இல்லையா? 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றில் சின்ன ஏர் பம்ப் ஒரு ராத்திரி ஓடும். தார்ப்பாய்த் தொட்டியில் அதுதான் முதல் செலவாக இருந்திருக்க வேண்டும், கடைசிச் செலவாகச் செய்ய வைத்திருக்கிறார்கள்.

பொன்னேரி பழைய மாணவன் | திங்கள், மதியம் 1.30

ராயபுரம் நண்பருக்கு முதலில். வலி தெரியாது என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வந்ததுதான். 2003ல் எடின்பரோவில் லின் ஸ்னெட்டன் என்ற ஆராய்ச்சியாளர் குழு டிரவுட் மீனின் உதட்டில் வலி உணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டியது. உதட்டில் அசிட்டிக் அமிலம் போட்ட மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, வெகுநேரம் தீவனம் தொடவில்லை. மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்தபோது அது குறைந்தது. அதன் பிறகு இந்தத் துறையில் வாதம் நடக்காமல் இல்லை. ஆனால் "தெரியாது" என்று அடித்துச் சொல்லும் காலம் போய்விட்டது.

இப்போது ஐஸ். உலக விலங்குச் சுகாதார அமைப்பின் நீர்வாழ் உயிரினங்களுக்கான விதித்தொகுப்பில், வளர்ப்பு மீனைக் கொல்வது பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. ஐஸில் குளிரவைப்பது, தண்ணீரை விட்டு எடுத்து மூச்சுமுட்ட விடுவது, உப்பில் போடுவது, மயக்கமில்லாமல் ரத்தம் வடிய விடுவது, இதெல்லாம் மீனுக்குத் துன்பம் தருபவை, வேறு வழி இருந்தால் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். ஐஸில் மீன் அடங்குவது நினைவு போனதால் இல்லை, உடம்பு மரத்துப்போய் அசைய முடியாததால். ஜிலேபி போன்ற வெப்ப நாட்டு மீன் திரும்பச் சூடேறும்போது எழுந்துகொள்ளும். பெரியவர் கவரில் நடந்தது அதுதான்.

உங்கள் அளவுக்குச் சாத்தியமான வழி தலையில் ஒரே அடி. அவ்வளவுதான். கண்ணுக்குச் சற்றுப் பின்னால், உச்சியில். கைவலையில் ஒன்றாக எடுங்கள், ஈரத் துணியில் பிடியுங்கள், அடியுங்கள், உடனே செவுளை அறுத்து ரத்தம் விடுங்கள், அப்புறம் ஐஸில் போடுங்கள். ஐஸ் செத்த மீனுக்கு ரொம்ப நல்லது.

சரியாக விழுந்ததா என்று எப்படித் தெரியும்? செவுள் மூடி சீராக ஏறி இறங்குவது நிற்க வேண்டும். அப்புறம் கண்ணைப் பாருங்கள். நினைவுள்ள மீனைப் பக்கவாட்டில் சாய்த்தால் உடம்பு சாயும், கண் சாயாது. எதிர்ப்பக்கம் உருண்டு மட்டமாக நிற்கப் பார்க்கும். நினைவு போன மீனின் கண் பொம்மைக் கண் மாதிரி உடம்போடு சேர்ந்தே சாயும். கண் உருண்டால் இன்னொரு அடி. அதற்குப் பிறகு வால் துடிப்பது தசையின் வேலை, அதற்குப் பதற வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. துடித்துத் துடித்துச் சாகிற மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேரும். சீக்கிரம் விறைத்து, சீக்கிரம் தளரும். வெட்டும்போது சதை பிரியும்.

இன்னொன்று, சனிக்கிழமை காலைக்கு மேல் ஞாயிறு விற்கிற மீனுக்குத் தீவனம் வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் டிரம் தண்ணீர் கெடாது. லிட்டருக்கு ஐந்து கிராம் கல்லுப்பு போட்டால் வண்டியில் வரும்போது மீன் தளராது.

சைதாப்பேட்டை அக்கா | திங்கள், இரவு 9.15

தம்பி, நான் மார்க்கெட்ல மீன் ஆயுறவ. புத்தகம் எல்லாம் தெரியாது. விரால் பற்றி நான் சொல்றதைக் கேளு, ஏன்னா அது உன்னை அழ வைக்கும்.

எங்க அம்மா காலத்துல விராலைச் சட்டில போட்டு, ரெண்டு கை கல்லுப்பு போட்டு, மேல அம்மிக் குழவியை வைச்சு மூடிடுவாங்க. உள்ள தட்தட்னு சட்டி ஆடும். சத்தம் நின்னதும் எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்ப்பாங்க. வழவழப்புப் போகணும்னு பண்றது. நானும் பத்து வருஷம் அப்படித்தான் பண்ணேன். ஒரு நாள் சட்டியைத் தூக்கிப் பார்த்தேன், மேல் தோல் எல்லாம் வெளுத்துப் போச்சு, ஆனா உயிர் இருந்துச்சு. அதோட விட்டேன். உப்பும் சாம்பலும் செத்த பிறகு போட்டாலும் வழவழப்புப் போகும், அதுக்கு உயிரோட போடணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

விரால் தலை கெட்டி. ஜிலேபிக்குப் பூரிக்கட்டை போதும், விராலுக்கு ஆகாது. ஈரச் சாக்குல தலையை மட்டும் வெளில விட்டுச் சுத்து, கண்ணை மூடுற மாதிரி சாக்கை இழுத்துவிடு, அது கொஞ்சம் அடங்கும். அப்புறம் கல்லு மேல வைச்சு அடி. கையில தூக்கிப் பிடிச்சு அடிச்சா வழுக்கி உன் விரல்ல விழும். எனக்கு இடது கைக் கட்டை விரல் நகம் இன்னிக்கும் கோணல்.

ஓரம்போ | செவ்வாய், காலை 8.00

சட்டம் பற்றி யாரும் சொல்லவில்லை. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் "விலங்கு" என்றால் மனிதனைத் தவிர எந்த உயிரும். மீனும் அதில் சேர்ந்ததுதான். உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு உண்டு, ஆனால் தேவையில்லாத வலியோ துன்பமோ கொடுக்காமல் இருந்தால்தான் அந்த விலக்கு. இதை வைத்து மார்க்கெட்டில் யாரும் யாரையும் பிடித்ததாகக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை, அது வேறு விஷயம்.

சோழவரம் தொட்டிக்காரன் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். செய்து பார்த்துவிட்டு வரலாம் என்று இருந்தேன்.

கொளத்தூர் அண்ணா சொன்னதை முதல் நாளே ஆரம்பித்தேன். கிட் வாங்கி விடியற்காலை நாலரைக்கு டார்ச் அடித்து அளந்தேன். மூன்றாவது தொட்டியில் ஆக்சிஜன் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். மற்றவையும் பெரிய மேல் இல்லை. மதியம் பிஹெச் எட்டரை. நான் இத்தனை நாளும் காலை ஒன்பது மணிக்கு வந்து தண்ணீரை மோந்து பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சாயந்தரத் தீவனத்தை ஆறரையிலிருந்து மூன்றரைக்கு மாற்றினேன். காசு செலவில்லாத வேலை. நாலே நாளில் வித்தியாசம் தெரிந்தது. முழுக்க நிற்கவில்லை, ஆனால் மேலே வந்து நிற்கிற மீன் பாதியாகக் குறைந்தது. அப்புறம் இருநூறு கிராம் மீனையே கொஞ்சம் குறைந்த விலைக்கு இரண்டு ஞாயிறு தள்ளிவிட்டு ஒவ்வொரு தொட்டியையும் 750க்குக் கொண்டு வந்தேன். நஷ்டமா என்றால், இப்போதைக்கு நஷ்டம்தான், பொய் சொல்ல மாட்டேன். இந்த வாரம் விடியலில் ஆக்சிஜன் நாலரையைத் தொடுகிறது. நேற்று ஐந்து மணிக்குப் போய்த் தொட்டி ஓரமாக நின்றேன். தண்ணீர் மட்டத்தில் ஒரு வாய்கூட இல்லை. மீன் இருக்கிறதா, யாராவது அள்ளிக்கொண்டு போய்விட்டானா என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். கையைத் தட்டினேன், கீழே இருட்டில் ஒரு திருப்பம் தெரிந்தது. அப்புறம்தான் உயிர் வந்தது.

இனி கடைக் கதை. இதுதான் ரொம்பப் பேச வேண்டியது.

முதல் ஞாயிறு பூரிக்கட்டையோடு போனேன். ஜிலேபி சுலபமாகத்தான் இருந்தது. எடுக்க, துணி, ஒரு அடி, செவுள், எல்லாம் பத்து நொடிக்குள். கண்ணைச் சாய்த்துப் பார்க்கிற வித்தையைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவன் முதல் மீனைச் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா, இத்தனை நாள் ஐஸ்ல இருந்தது எல்லாம் நம்மளப் பாத்துக்கிட்டேதான் இருந்துச்சா?" என்றான். என்னிடம் பதில் இல்லை, அடுத்த மீனை எடு என்றேன்.

பிரச்சினை வாடிக்கையாளர்கள். ஐஸில் போட்டபோது ஒருவர் முகம் சுளித்ததில்லை. கட்டையை எடுத்ததும் ஒரு அம்மா குழந்தையின் கண்ணை மூடினார். "ஐயோ, ஏம்பா இப்படி அடிச்சே கொல்றே, பாவம் இல்ல? பேசாம ஐஸ்ல போடேன்" என்றார். அன்றைக்கு மூன்று பேர் வாங்காமலே போனார்கள். எது மீனுக்கு நல்லதோ அது பார்க்கக் கொடூரமாக இருக்கிறது. எது கொடூரமோ அது பார்க்க அமைதியாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு நின்று விளக்க எனக்கு வாய் வரவில்லை, வரிசையில் எட்டுப் பேர்.

மறு ஞாயிறு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை மூங்கிலில் கட்டி மறைப்பு வைத்தேன். அன்றைக்கு வேறு தொல்லை. "உள்ள கொண்டு போய்ச் செத்த மீனை மாத்திக் குடுக்குறான்" என்று ஒருவர் சத்தம் போட, பின்னால் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். உயிர் மீன் கடையில் மறைப்பு என்றால் சந்தேகம் வரத்தானே செய்யும். இன்றைக்குப் பேனரை இடுப்பு உயரத்துக்குக் குறைத்துவிட்டேன். பெரியவர்கள் எட்டிப் பார்த்தால் தெரியும், குழந்தைகளுக்குத் தெரியாது. இது ஓடுகிறது.

எடை போடுவதும் இடித்தது. முன்பு மீனைத் தட்டில் போட்டு அது குதிக்கக் குதிக்க எடை காட்டுவேன், அதுதான் விளம்பரமே. இப்போது பக்கெட்டில் தண்ணீரோடு வைத்து, தராசில் டேர் பட்டனை அழுத்திவிட்டு மீனை விடுகிறேன். இரண்டு பேர் "தண்ணிக்கும் சேத்தா காசு?" என்று கேட்டார்கள். பட்டனை அழுத்திப் பூஜ்யம் காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பழைய பெரியவர் இன்றைக்கு வந்தார். பூஜ்யத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை கிலோ என்றார். போகும்போது கவரை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டார்.

தோற்றது விராலில். அக்கா சொன்னபடி சாக்கு, கல் எல்லாம் வைத்தேன். முதல் ஞாயிறு ஒரு கிலோ விரால் ஒன்று, அடி நழுவி மூக்கில் விழுந்தது. அது சாக்கோடு துள்ளி ரோட்டில் போய் விழுந்தது. பையன் பிடித்துக் கொண்டுவந்தான், இரண்டாவது அடியும் பாதிதான், மூன்றாவதில் முடிந்தது. கண் உருண்டுகொண்டே இருந்தது. ஐஸே தேவலை என்று அன்றைக்கு நினைத்தேன். பூரிக்கட்டை இலேசு, அதுதான் தப்பு. அன்றிலிருந்து விரால் கொண்டு போவதை நிறுத்தி வைத்திருக்கிறேன். குட்டையில் நூற்றிருபது சுற்றிக்கொண்டிருக்கிறது. கரண்ட் வைத்து மயக்குகிற முறை ஒன்று இருக்கிறது என்கிறார்களே, அதைச் செய்யலாமா?

பொன்னேரி பழைய மாணவன் | ஞாயிறு, இரவு 7.10

வேண்டாம். முறையான கருவி இருக்கிறது, ஆனால் மீன் அளவுக்கும் தண்ணீரில் இருக்கிற உப்புக்கும் ஏற்ப மின்சாரத்தைத் துல்லியமாக அமைக்க வேண்டும். குறைந்தால் மீன் அசையாமல் கிடக்கும், நினைவு இருக்கும். ஐஸில் பார்த்த அதே ஏமாற்று. வீட்டு கரண்டை எடுத்து முயன்றால் ரோட்டில் விழுவது விராலாக இருக்காது, நீங்களாக இருப்பீர்கள்.

சைதாப்பேட்டை அக்கா | ஞாயிறு, இரவு 8.40

மூக்குல விழுந்துதா? கல்லு ஆடுது, அதான். கல்லுக்கு அடில ஈரத் துணி மடிச்சுப் போடு. பாதிக் கல்லு மண்ல புதைஞ்சு இருந்தா இன்னும் நல்லது. இலேசான கட்டை வேணாம், கனமா, குட்டையா.

கொளத்தூர் கலர்மீன் | ஞாயிறு, இரவு 9.00

ஆக்சிஜன் நாலரை போதாது, ஐந்துக்கு ஏற்றுங்கள். இன்வெர்ட்டர் வாங்கினீர்களா? அந்த வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள் போலிருக்கிறது.

சோழவரம் தொட்டிக்காரன் | ஞாயிறு, இரவு 9.45

அண்ணா, தாண்டவில்லை, சீட்டு எடுத்தால்தான் முடியும். அடுத்த மாதம் பத்தாம் தேதி. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வாங்கிவிடுகிறேன்.

அக்கா, கனமாக, குட்டையாக என்றீர்களே, அது பிடித்துவிட்டது. நான் லேத் ஓட்டினவன்தானே. பழைய பட்டறை சேக்காளி ஒருவர் பாடியில் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறார். நாற்பது மில்லிமீட்டர் இரும்பு ராடில் ஒரு துண்டு, முக்கால் கிலோ வருகிற மாதிரி, பிடிக்கிற இடத்தில் ஒல்லியாகக் கடைந்து வழுக்காமல் இருக்க வரி போட்டு எடுக்கப் போகிறேன். முனையை மட்டும் லேசாக உருட்டிவிட்டால் தோல் கிழியாது. புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். கல்லைச் சனிக்கிழமையே கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருகிறேன். ஞாயிறு நான்கு விரால் மட்டும் எடுத்துப் போய்ப் பார்க்கிறேன்.